எள்ளளவு கிரிஸ்டல்

"இதைவிடச் சின்னது இல்லையா தம்பி? தடவிப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிடும்."

ரிப்பேர் கடைக்காரர் இடுக்கியில் பிடித்திருந்த, கருவிக்குத் துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டலை விளக்கடியில் காட்டினார். மிளகளவு இருந்தது.

"இதுக்கே பூதக்கண்ணாடி மாட்டியிருக்கேன். இன்னும் சின்னதுன்னா, ஒரு தும்மல் போட்டா காணாமப் போயிடும்மா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைக்க ஒரு கருவி வேண்டுமாம். போட்டிருப்பவர் எங்கே போனாலும் அது அவள் மகனின் போனுக்குச் சொல்ல வேண்டும்.

"எள்ளளவுல ஒண்ணு இருக்கு. ஆனா அது முரண்டு பிடிக்கும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே துடிப்பு கிளம்பாது. துடிச்சாத்தான் சிக்னல் போகும்."

"கிளம்பலேன்னா?"

"அவங்க எங்க இருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றின.

"பெருசா வச்சா பிச்சு எறிஞ்சிடுவா தம்பி. கழுத்துல மாட்டிவிட்டதைச் சாக்கடையில வீசிட்டா. என்னையா வேவு பாக்குறேன்னு என் மகனையே அடிக்கக் கை ஓங்கினா."

கடைக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மருமகளாகத்தான் இருக்கும். தப்பித்து ஓடப் பார்க்கிற பெண்ணுக்கு மறைவாக ஒரு விலங்கு. செய்து கொடுத்தால் நாளைக்குப் போலீஸ் இந்தக் கடை வாசலில்தான் வந்து நிற்கும்.

இடுக்கியைக் கீழே வைத்தார்.

"ஒருத்தருக்குத் தெரியாம இதை மாட்டிவிடுறது பாவம்மா. நானும் பிள்ளைகுட்டிக்காரன். வேற கடை பாருங்க."

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. போன வாரம் ரயில் வர்ற நேரத்துல தண்டவாளத்துல போய் நின்னா. மகன் ஓடிப்போய் இழுத்தான். நூலிழையில தப்பிச்சாங்க, ரெண்டு பேரும். அடுத்த தடவை அவன் தேடி வர்றதுக்குள்ள..."

"அவ்வளவு பயம் இருந்தா அவங்களையே கூட்டிட்டு வாங்க. சம்மதம்னு அவங்க வாயால சொல்லட்டும். எதுவானாலும் செஞ்சு தர்றேன்."

"இவ்வளவு நேரமா அவ வாயாலதான் தம்பி கேட்டுட்டு இருக்கேன்."

போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இன்னிக்கு எனக்குப் புத்தி தெளிவா இருக்கு. மறுபடியும் எல்லாம் மறந்துபோறதுக்குள்ள தச்சுக் குடுத்துடுங்க."