அரை மணி பின்னால்

மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்தபோது மருமகள் டிவியில் நிறுத்தி வைத்த நேரலை சைக்கிள் பந்தயம், அரை மணியாக அப்படியே நிற்கிறது. திரையில் மருமகளின் கணவன் வளைவில் சாய்ந்திருக்கிறான். சிரித்த பல்லில் வெயில். நேரலையாகவே பார்க்கும் பக்கத்து வீட்டில் அப்போதே ஆரவாரம் எழுந்து, “ஐயோ!” என்று அறுந்து, டிவியும் அணைந்துவிட்டது. மேஜையில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்கிறது, இருவரும் தொடவில்லை. “ஓட்டும்மா, பாத்துடலாம்,” என்கிறாள் மாமியார். “வேணாம் அத்தை. இதுல அவரு இன்னும் விழல.” ரிமோட்டை மருமகள் தொடைக்கடியில் ஒளிக்கிறாள். திரையின் அடியில் எழுத்து வருகிறது: இதற்கு மேல் நிறுத்தி வைக்க இயலாது, பத்து விநாடியில் படம் தானாக ஓடும். ஒன்பது. எட்டு. மாமியார் தட்டுத்தடுமாறி ஓடிப்போய், திரையில் மகனின் முன்சக்கரத்தை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.