அடுத்த ஸ்டாப்

விடிகாலை மங்கலில் முதல் நடைக்குப் பஸ் கிளம்பிவிட்டது. டிரைவர் விட்டுவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு அவர் மனைவி பின்னாலேயே ஓடுகிறாள். வீட்டுச் செருப்பு பட்பட்டென்று அடிக்க, டப்பாவுக்குள் ஸ்பூன் கிலுகிலுக்கிறது. ஓடிப் பழகவென்று ஆசையாய் வாங்கிய ஷூ, "பாக்குறவங்க சிரிப்பாங்க" என்று அவளே சொல்லிச் சொல்லி, அட்டைப்பெட்டியோடு கட்டிலடியில் கிடக்கிறது. இப்போது பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பஸ் நிற்கவுமில்லை, வேகமெடுக்கவுமில்லை; பக்கக் கண்ணாடி வழியே டிரைவரின் கண் அவள் மேலேயே இருக்கிறது. அடுத்த ஸ்டாப்பில், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, டப்பாவை ஜன்னலுக்குள் நீட்டுகிறாள். வியர்த்த முகம் விளக்குப் போட்டதுபோல் இருக்கிறது.

"வேணும்னுதானே விட்டுட்டு வந்தீங்க?"

அவர் கியரை மாற்றுகிறார். "நாளைக்கு ஷூ போட்டுக்கிட்டு வா. இதுக்கு அடுத்த ஸ்டாப்புலதான் நிப்பாட்டுவேன்."