இரண்டாவது ஆப்பிள் கிரிஸ்ப்

அக்டோபரில் வெர்மாண்ட் மலையெல்லாம் சிவந்துவிட்டால், ஆப்பிள் கிரிஸ்ப் செய்யாமல் எல்வுடுக்குக் கை சும்மா இருக்காது. ஆப்பிள் துண்டுகள் மேல் ஓட்ஸும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசறித் தூவி அடுப்புக்குள் வைத்தார். இலவங்கப்பட்டை வாசம் எல்லை தாண்டிக் கனடா வரைக்கும் போனது.

நாலு தடியன்கள் அடுப்பைச் சுற்றி நின்று இமைக்காமல் முறைத்தார்கள். ஐந்தாமவன் வாசலில் நின்றான்.

"போய் உட்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்."

"போன வாரம் நீங்க பாத்துக்கிட்ட லட்சணம் தெரியாதா, பெருசு?" என்றான் டஸ்டின்.

"பேஸ்பால் பாத்துக்கிட்டே கண்ணசந்துட்டேன். இதுவும் கருகினா ஊரை விட்டே ஓடிடறேன், போதுமா?"

கருகவில்லை. பொன்னிறமாக, ஓரமெல்லாம் சாறு கொதிக்க வெளியே வந்தது. மேலே ஐஸ்கிரீம் வைத்து முதல் கிண்ணத்தை டஸ்டினிடம் நீட்டினார். ஒரு வாய் வைத்தவன் சொக்கிப்போனான்.

"பெருசு, இதுக்காக இன்னொரு வீட்டைக்கூடக் கொளுத்தலாம்!"

எல்வுட் சிரித்தார், கண் நிறைந்துவிட்டது. போன வாரம் எரிகிற வீட்டுக்குள்ளிருந்து அவரைத் தோளில் தூக்கி வந்தவன் அவன்தான். நன்றிக்கு ஒரு கிரிஸ்ப் செய்து தரலாமென்றால் வீட்டில் சமையலறையே மிச்சமில்லை. அதனால்தான் தீயணைப்பு நிலையத்து அடுப்பையே இரவல் கேட்டிருந்தார்.

"வாசல்ல நிக்கறவனையும் கூப்பிடுங்கப்பா, ஆறுது!"

அடுப்பு அணைந்ததை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் கையில் தயாராகப் பிடித்திருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தான்.