அம்மா கேட்காத காய்ச்சல்

நர்ஸ் தெர்மாமீட்டரை அவள் அக்குளிலிருந்து உருவி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“நார்மல்தான் அக்கா.”

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நர்ஸுக்கும் விஷயம் தெரியும்.

இன்றும் காய்ச்சல் இல்லை.

பாழாய்ப்போன காய்ச்சல். பரீட்சைக்கு முதல் நாள் வந்தது. கல்யாணத்தன்று கூட வந்தது, கோயிலில் பாதி நேரம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது வா வா என்று கூப்பிட்டால் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறது.

அறைக்கு இரண்டு கதவுகள். ஜன்னல் திறக்காது. அவளது பழைய வெள்ளணுக்களை மருந்து கொடுத்து அழித்திருந்தார்கள். யாராவது தும்மினால் கூட ஆபத்தாம். வெளியே போகக்கூடாது. பார்க்க யாரும் உள்ளே வரக்கூடாது. கணவன் ஜெர்சன் மட்டும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மூலையில் உட்காரலாம்.

அறைக்குள் அவள். அவளுக்குள் புற்று.

இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பூட்டியிருந்தார்கள்.

டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார்.

“ஒவ்வொரு செல்லும் உள்ள செய்யிற புரதத்தைத் துண்டு துண்டா வெளிய மாட்டிவைக்கும்மா. மொட்டைமாடிக் கொடியில துணி காயப்போடுற மாதிரி. ரத்தத்துல காவல் சுத்துற டி செல் அந்தப் பக்கம் போறப்ப எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டுப் போகும். புற்றுச் செல்லும் உங்க வீட்டுத் துணியைத்தான் காயப்போடுது. ஒரே ஒரு சட்டையில ஒரு பட்டன் மட்டும் மாறியிருக்கும். அதைப் பாத்துட்டா போதும்.”

அந்தப் பட்டனைக் கண்டுபிடிக்கத் தெரிந்த டி செல்களை அவளிடமிருந்தே எடுத்தார்கள். ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் பெருக்கினார்கள். சின்னப் பை ஒன்றில் கொண்டுவந்து திரும்ப அவளுக்கே ஏற்றினார்கள்.

கண்டுகொண்டால் சண்டை. சண்டை மூண்டால் காய்ச்சல். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும் என்றார்.

வராவிட்டால்?

“பாப்போம்,” என்றார். இதற்குப் பிறகு கொடுக்க வேறு மருந்து இல்லை என்பதை முன்பே சொல்லிவிட்டார்.

வாரம் முடிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். தூத்துக்குடியிலிருந்து அம்மா. செபமாலைக்குத் தெருப்பெண்கள் எல்லோரும் வீட்டில் கூடியிருப்பார்கள். தினமும் இதே நேரம், இதே கேள்வி.

“காய்ச்சல் இல்லைல்லா?”

“இல்லம்மா.”

“மாதாவே, ஒனக்குத் தோத்திரம்!”

பின்னால் அத்தனை குரல்களும் தோத்திரம் சொல்லின.

அப்பா காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி நடந்து வரவில்லை. அதனால் அம்மாவிடம் எதையும் விளக்காமல் விட்டிருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவளுடைய சாவுக்கு ஒரு தெருவே நன்றி சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். கேட்காமல் எங்கே போவது? கதவுதான் பூட்டியிருக்கிறதே.

இன்று தாங்கவில்லை.

“எம்மா, நிறுத்து. தோத்திரம் சொல்லாத. எனக்குக் காய்ச்சல் வரணும். வந்தாத்தான் மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம். வரணும்னு செபம் பண்ணு.”

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

“ஏட்டி, என்ன பேச்சு பேசுத? புத்தி கித்தி கலங்கிப்போச்சா? மாப்ள, இவ என்ன சொல்லுதா?”

“நெசந்தான் அத்த. டாக்டரே சொன்னாரு,” என்றான் ஜெர்சன்.

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு செபிக்கும் குரல்.

“மாதாவே, எம் பிள்ள காய்ச்சல் வேணும்னு கேக்கா. டாக்டரும் அப்படித்தான் சொல்லுதாராம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. எல்லாம் ஒனக்குத் தெரியும்.”

நின்றது.

அவள் போனை முகத்தருகே இழுத்துக்கொண்டாள். சொல்லும்மா. ஒரே ஒரு தடவை. நீ கேட்டால் கிடைக்கும் என்று சின்ன வயதிலிருந்து நம்பித் தொலைத்திருக்கிறேன்.

“குடுத்துத்தான் ஆகணும்னா,” அம்மாவின் குரல் உடைந்தது, “அந்தக் காய்ச்சல எனக்குக் குடு தாயே. எம் பிள்ளைக்கு வேண்டாம்.”

ஆமென் என்றார்கள் தெருப்பெண்கள்.

ஆமென் என்றான் ஜெர்சன்.

பழக்கதோஷம். வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பயந்துபோய் அவளைப் பார்த்தான்.

அவள் போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்தான். எத்தனை நாளாயிற்று இவள் சிரித்து! முகமூடிக்குள் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குலுங்கல் நிற்கவில்லை, குளிரில் நடுங்குவதுபோல. கட்டிலின் கம்பி கிடுகிடுத்தது.

சிரிப்பு என்றால் இவ்வளவு நேரமா?

“ஏட்டி, லைன்ல இருக்கியா? ஏட்டி?” என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜெர்சன் எழுந்து வந்தான். கூடாது என்று தெரியும். இருந்தாலும் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் நெற்றியில் புறங்கையை வைத்தான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அங்கேயே அழுத்திக்கொண்டாள்.

“சுடுதா?” என்று கேட்டாள்.