ரெட்டை நாக்குக்காரன்

விசாரணை அறைக்குள் அவளைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் எதிரிப்படை அதிகாரி. மூலையில் டைப்ரைட்டருடன் ஒரு சிப்பாய். அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு அவள் வேண்டாமென்று உதறியவன். ஊரைப் பிடித்த படைக்கே மொழிபெயர்ப்பாளனாகப் போனவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? தெருவே அவனுக்கு 'ரெட்டை நாக்குக்காரன்' என்று பட்டம் கட்டியிருந்தது.

"இவளை உனக்குத் தெரியுமா?" அதிகாரி தன் மொழியில் கேட்டார்.

"தெரியாது ஐயா." கண் இமைக்காமல் சொன்னான்.

அவளுக்குப் புரிந்தது. படைமுகாமின் சலவைக்கூடத்தில் சீருடை துவைத்துத் துவைத்து அவர்கள் மொழி அவளுக்கு அத்துப்படி. எதுவும் புரியாத மாதிரி நிற்பதும்தான். அங்கே காதில் விழுவதை வைத்துத்தான் காட்டில் ஒளிந்திருந்த தம்பியின் ஆட்களுக்குச் சேதி சொன்னாள். அவள் வீட்டு மாடியில் சிவப்புப் போர்வை காய்ந்தால், படை கிளம்புகிறது என்று அர்த்தம்.

"சிவப்புப் போர்வையை எதற்காக உலர்த்தினாள்? கேள்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "போர்வையை எதுக்குக் காயப்போட்டேன்னு கேக்கறார். ஏதாவது சொல்லு. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறானாமே! வாயைக் கிளறுகிறான் என்று பட்டது அவளுக்கு.

"நம்ம ஜனங்களை வித்துச் சாப்பிடறியே, உடம்புல ஒட்டுதா?" அதிகாரிக்குப் புரியாது என்ற தைரியத்தில் கேட்டாள்.

அவன் பணிவாக அதிகாரியிடம், "போர்வை முழுக்க மூட்டைப்பூச்சியாம் ஐயா. அதனால் வெயிலில் போட்டாளாம்" என்றான்.

டைப்ரைட்டர் தடதடத்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நம்பவில்லை. முதலில் தடவிக் கொடுத்துவிட்டு அப்புறம் கழுத்தைப் பிடிப்பானோ?

"அது காய்ந்த மறுநாளெல்லாம் எங்கள் லாரிகள் தாக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு என்ன சொல்கிறாள்?"

"கொஞ்சம் நீளமாப் பேசு" என்றான் அவளிடம். "திட்டறதா இருந்தாலும் நீளமாத் திட்டு. முகத்தை மட்டும் பாவமா வச்சுக்கோ."

"எத்தனை பேரைத் தூக்குமேடைக்கு அனுப்பியிருப்பே? தூக்கம் வருதா உனக்கு? உன்னோட நாள் குறிச்ச பாவத்துக்கு ஊர்ல நான் தலைநிமிர முடியல."

"தினமும் ஏதாவது ஒரு துணி மாடியில் காய்கிறதாம். அழுக்கைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாதாம் ஐயா." அதே மூச்சில் அவளிடம், "தூக்குமேடையா? இங்கேர்ந்து வீட்டுக்குப் போனவங்களைக் கேட்டுப் பாரு. அவங்க பேசினதையா நான் சொன்னேன்?"

ரொட்டிக்கடைக்காரரும் தபால்காரரும் இதே அறைக்கு வந்து முழுசாகத் திரும்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் ஊர் பேசியது.

அதிகாரி சாவகாசமாகச் சொன்னார்: "இவள் தம்பியை இன்று காலை சுட்டுவிட்டோம் என்று சொல்."

புரிந்ததை முகத்தில் காட்டினால் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, புரியாதவள் போல அவன் வாயையே பார்த்தாள்.

"உன் தம்பியைச் சுட்டுட்டதா சொல்றார். பொய். ஆழம் பாக்கறார். அவன் பத்திரமா இருக்கான். ஆனா நீ இப்ப அழணும்."

அழுதாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை. எதிரே வந்தபோதெல்லாம் இவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளே, அதற்கான அழுகை.

"கல்யாணத்தை நிறுத்தினப்பவே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருக்க மாட்டே, ஊரும் என்னைத் திட்டியிருக்காது. ஊரே திட்டினதாலதான் இவங்க என்னை நம்பினாங்க."

"என்ன புலம்புகிறாள்?" என்றார் அதிகாரி.

"இனிமேல் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள் ஐயா."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சிப்பாயிடம் நீட்டினார். "ஆதாரம் எதுவும் இல்லை. விட்டுவிடலாம். முத்திரை குத்திக்கொண்டு வா."

சிப்பாய் வெளியே போனான். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இந்த மனுஷன் இப்படி ஏமாந்தாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அதிகாரி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, அவளும் அவனும் பேசிய மொழியிலேயே சொன்னார்:

"நாளைலேர்ந்து இங்க வேற அதிகாரி. ரெண்டு பேரும் இன்னிக்கே ஊரை விட்டுக் கிளம்பிடுங்க. அவருக்கும் உங்க பாஷை நல்லாப் புரியும்."