அப்பாவின் குரல்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். என் கையில் இருந்தவரை பையன் அமைதியாகத்தான் இருந்தான். லிஃப்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் செந்தூரன் ஆசையாக வாங்கிக்கொண்டு, "அப்பா வந்திருக்கேன்டா" என்றார். வீறிட்டு அழுதான்.

எனக்குப் புரியவில்லை. மாசமாக இருந்த காலமெல்லாம் வயிற்றில் குரல் பெல்ட் கட்டியிருந்தேன். அதில் அப்பாவின் பேச்சைப் பதிவுசெய்து வைத்தால் அது உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மட்டும் கேட்கும். பிறந்ததும் அப்பாவை அடையாளம் தெரிந்துவிடும். எனக்குத் தோலில் லேசான அதிர்வுதான் தெரியும். அது வரும்போதெல்லாம் இவர் பேசுகிறார் என்று வயிற்றைத் தடவிக்கொடுப்பேன்.

"கதவு மூடுகிறது," என்றது லிஃப்டின் ஆண்குரல்.

பையன் சட்டென்று அடங்கினான். செந்தூரன் மறுபடி கொஞ்சினார். மறுபடி அழுகை.

"இரண்டாம் தளம்."

அழுகை நின்றது. குரல் வந்த மூலைப் பக்கம் அவன் தலை மெல்லத் திரும்பியது.

நான் செந்தூரன் பக்கம் திரும்பினேன். "பெல்ட்ல நீங்க பேசவே இல்லையா?"

அவர் தலை நிமிரவில்லை. "வாங்கும்போதே அதுல ஒரு குரல் இருந்துச்சு, இதே குரல். நல்லாத்தான் பேசுச்சு. மாத்தணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேன்."

"தரைத்தளம். கதவு திறக்கிறது."

வெளியே காத்திருந்த மாமியார் பூரித்துப்போனார். "அப்பன் கையில எப்படிச் சமத்தா இருக்கான் பாரு."

நாங்கள் இறங்கவில்லை. செந்தூரன் என்னைப் பார்க்காமலே மேல்தளத்துப் பொத்தானை அழுத்தினார்.