எட்டாவது தலை

பழனி அடிவாரத்துப் பழைய சத்திரத்தை ஐம்பத்தெட்டில் இடித்தார்கள். மாடி முகப்பில் நின்ற எட்டுச் சுதைப் பெண் சிலைகளின் தலைகளை மட்டும் மியூசியத்துக்காகப் பத்திரமாக அறுத்தெடுக்கும் வேலை திருமலைச்சாமிக்கு. ஏழு தலைகள் இறங்கிவிட்டன. எட்டாவதன் கீழுதடு பிளந்திருந்தது.

அன்று காலை, கஞ்சி ஆறிப்போச்சென்று அவன் அறைந்ததில், பெண்டாட்டி வீரம்மாளுக்கும் அதே இடத்தில்தான் உதடு கிழிந்திருந்தது.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்றபடி கொத்தனார் ஞானவேல் சுண்ணாம்பைக் குழைத்து அந்தப் பிளவில் பூசினார். "காயட்டும். நாளைக்குக் கழுத்த அறுத்துக்கலாம்."

சாயங்காலம் சோறு போட்ட வீரம்மாளின் உதட்டில் காயமே இல்லை. திருமலைச்சாமி தொட்டுப் பார்த்தான். விரலில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது.

மறுநாள் விடியுமுன் எழுந்து ரம்பத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

"இம்புட்டு வெள்ளனே என்ன சோலிங்க?" என்றாள் வீரம்மாள்.

"ஒரு கழுத்து பாக்கி கெடக்கு" என்று சிரித்தான்.